விமானத்துக்குக் கீழே இருந்த ஊர்

சேலையூரை விட்டு நடந்துகொண்டிருந்தேன். கேம்ப் ரோட்டில் அன்று பள்ளிக்கூடம் இல்லை. ஸ்கூட்டர் நெரிசல் கொஞ்சம் குறைவு. காலையில் குடித்த டீ தவிர வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் கால் தானாக வேகம் பிடித்திருந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். உட்கார்ந்து யோசிக்கச் சொன்னால் தூக்கம் வரும். நடந்தால்தான் புத்தி வேலை செய்யும்.

சாயங்காலத்துக்குள் படப்பைக்குப் போய் சினிமா கம்பெனி ஆள் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வரவேண்டும். வராவிட்டால் தேவசகாயம் அண்ணனுக்கு அபார்ட்மென்ட் கேட்டில் இருந்த வாட்ச்மேன் வேலை போய்விடும். அந்த வேலையோடு, மாடிப்படிக்கு அடியில் அவரும் அவர் மனைவி எஸ்தர் அக்காவும் குடியிருந்த ஒற்றை அறையும், அதன் வாசலில் அக்கா போட்டிருந்த இஸ்திரி மேஜையும் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வீடியோ.

எல்லையில் சூடு ஏறியிருந்த நாட்கள் அவை. டீக்கடை, சலூன், பஸ் ஸ்டாண்டு, எங்கே டிவி இருந்தாலும் அதில் விமானம் பறந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்த வீடியோ போன் போனாகச் சுற்றியது. புகை. இடிந்த சுவர். சேற்றில் ரத்தமும் கரியுமாகக் கிடக்கும் ஆட்கள். திடீரென்று நடுவில் கிடக்கும் தாடிக்காரர் ஒருவர் கண்ணைத் திறந்து, நம்மைப் பார்த்து, பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறார். பக்கத்தில் கிடப்பவர்களும் தலையைத் தூக்கிச் சிரிக்கிறார்கள். மேலே எழுத்து ஓடுகிறது: 'பிணம் சிரிக்கிறது பாருங்கள். எதிரி நாட்டின் நாடகம் அம்பலம்.'

அபார்ட்மென்ட் குரூப்பில் யாரோ அதைப் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் கைதட்டும் பொம்மை போட்டு ரசித்திருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர் எழுதிவிட்டார்: இது நம்ம வாட்ச்மேன் மாதிரி இல்ல?

மாதிரி இல்லை. அவரேதான்.

வேளாங்கண்ணிக்குப் போன கதை

தேவசகாயம் அண்ணனுக்கு நெஞ்சு வரை தாடி. அந்தத் தாடிதான் அவருக்கு இரண்டாவது தொழில். துணை நடிகர் ஏஜென்ட் நாகு தன் போனில் அவர் பெயரையே 'தாடி' என்றுதான் வைத்திருந்தான். சாமியார், பிச்சைக்காரர், கூட்டத்தில் பெரியவர் எல்லாவற்றுக்கும் அண்ணன் போவார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் தீர்க்கதரிசியும் அவர்தான்.

ஆனால் வாட்ச்மேன் வேறு வேலைக்குப் போகக்கூடாது என்பது அபார்ட்மென்ட் சட்டம். அதனால் ஷூட்டிங் வந்தால் அண்ணன் வேளாங்கண்ணிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார். போன மாதமும் அப்படித்தான். திரும்பி வந்து செக்ரட்டரிக்குக் கடையில் வாங்கிய பேரீச்சம்பழம் கொடுத்தார். அவரும் பக்தியோடு வாங்கிக்கொண்டார்.

இப்போது அதே செக்ரட்டரி மோகன் சார் கேட்டிருக்கிறார், வேளாங்கண்ணியில் எந்த இடத்தில் குண்டு விழுந்தது என்று.

ஷூட்டிங் என்று அண்ணன் உண்மையைச் சொன்னார். ஆனால் ஒரு பொய் பிடிபட்டவன் அடுத்துச் சொல்வதை யார் நம்புவார்கள்? காசு கொடுத்தால் எந்த நாட்டுக்கும் போய் நடிப்பார்கள் என்றார் ஒருவர். விமானத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது, இப்படிப்பட்ட ஆளைக் கேட்டில் வைத்திருக்கலாமா என்றார் இன்னொருவர். மோகன் சார் கெட்டவர் இல்லை. சாயங்காலம் கூட்டம் போடுகிறோம், கம்பெனி ஆள் யாராவது வந்து இது எங்கள் படம் என்று வாயால் சொல்லிவிட்டுப் போகட்டும், விஷயம் முடிந்தது என்றார்.

அண்ணனால் கேட்டை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் ஓடிவிட்டான் என்பார்கள். அதனால் எனக்குப் போன் வந்தது. நான் அப்போது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மெஸ்ஸில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தேன். கேனை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

"பாலு, கம்பெனிக்காரன் வரலன்னா இன்னா பண்றது?" என்று கேட்டில் வைத்து அண்ணன் கேட்டார்.

"வருவான்ணா."

"வரலன்னா?"

நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

கொட்டகையில் ஓயாத சண்டை

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி மேற்குப் பக்கம் இறங்கும்போது தலைக்கு மேல் ஒரு பயிற்சி விமானம் போனது. இந்தப் பக்கத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். தினமும் போவதுதான். அன்று பாலத்தில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். பழம் விற்கும் அம்மா மட்டும் கூடைக்குத் துணியை இழுத்து மூடினாள்.

அந்தக் கைதட்டலை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில், மதுராந்தகம் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் கொஞ்ச காலம் ஆபரேட்டருக்குத் துணையாக இருந்தேன். படத்துக்கு முன்னால் அரசாங்கச் செய்திப் படம் கட்டாயம் ஓட்டவேண்டும். புதுசு வராத வாரங்களில் பழசை எடுத்து ஓட்டுவோம். எங்களிடம் ஒரு பழைய சண்டைப் படம் இருந்தது. பிரிண்ட் முழுக்கக் கீறல். மழை கொட்டுவது போலக் கோடு விழும். அந்த மழைக்குள் நம் விமானங்கள் வரிசையாகக் கிளம்பும். ஒரு கணீர்க் குரல் பேசும். கீழே பூப்பூவாகப் புகை எழும்பும். அவ்வளவுதான்.

அந்தச் சண்டை முடிந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் எங்கள் கொட்டகையில் அது வாராவாரம் நடந்தது. விசிலும் கைதட்டலும் படத்தில் வரும் ஹீரோவுக்குக்கூட அப்படி வராது. எந்தச் சண்டை, எந்த வருஷம் என்று யாரும் கேட்டதில்லை. ஒருநாள் ஆபரேட்டர் ரீலை மாற்றி, ஏதோ அணைக்கட்டுத் திறப்பு விழாவை ஓட்டினார். தரை டிக்கெட்டிலிருந்து மண்ணை வாரி ஸ்கிரீன் மேல் எறிந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு விமானத்தைத் திரும்பக் கொண்டுவந்தோம்.

ஆபரேட்டருக்கு இதில் ஒரு சந்தேகம் இருந்தது. கேமரா விமானத்துக்குள்ளே உட்கார்ந்திருப்பதால்தான் எல்லோரும் கைதட்டுகிறார்கள் என்பார். கேமராவை இறக்கிக் கீழே வைத்தால் இதே ஜனம் பெஞ்சுக்கு அடியில் போய் ஒளியும் என்பார். எனக்கு அன்று அது புரியவில்லை. கொட்டகையும் பிடிக்காமல் போனது. ஒரே படத்தைத் தினமும் பார்ப்பது ஜெயில் போலத்தான். ஒரு லாரியில் ஏறி ஆந்திரா பக்கம் போய்விட்டேன். பிறகு செங்கல் சூளை, மாம்பழ மண்டி, லாட்ஜ் என்று வரிசையாகப் பல வேலைகள். சூளையில் தள்ளுவண்டி ஏறி இடது காலில் கடைசி இரண்டு விரல்கள் போயின. புண் ஆறும்வரை அங்கேயே கிடந்தேன். ஆறியதும் கிளம்பினேன்.

மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள்

படப்பை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. முடிச்சூர் தாண்டியதும் காற்று வந்தது.

போன மாதம் இதே வழியில்தான் அண்ணனும் நானும் ஷூட்டிங் வேனில் போனோம். படப்பையைத் தாண்டி ஒரு காய்ந்த ஏரிக்குள் எதிரி ஊர் போட்டிருந்தார்கள். தெர்மகோல் சுவர், பிளைவுட் கூரை, ஒரு கிணறு, ஒரு கடை. பார்க்க நன்றாகவே இருந்தது. வாடகைக்குக் கிடைத்தால் குடியிருக்கலாம் போல.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹீரோ விமானி. அவருடைய அண்ணனை எதிரி கொன்றுவிடுகிறான். ஹீரோ தனியாகப் பறந்து வந்து எதிரி ஊரில் குண்டு போடுகிறார். நாங்கள் எதிரி ஊர். தாடி உள்ளவர்களுக்கு முன்வரிசை. எனக்குப் பின்வரிசை.

விமானம் எதுவும் வராது. அதைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்ப்பார்கள். ஒரு நீள மூங்கில் நுனியில் சிவப்புத் துணி கட்டி ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடுவான். அதுதான் விமானம். அதைப் பார்த்து நாங்கள் அலற வேண்டும். நடுநடுவே தாம்பரத்திலிருந்து நிஜ விமானம் ஏதாவது மேலே போகும். உடனே சவுண்டுக்காரர் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் திட்டுவார். அந்த விமானம் போகும்வரை காத்திருந்து, மறுபடி துணியைப் பார்த்துப் பயப்படுவோம்.

முதல் நாள் ஏஜென்ட் நாகு பெண்களையும் அழைத்து வந்திருந்தான். டைரக்டர் அவர்களைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எதிரி ஊரில் பெண்கள் வேண்டாம், குழந்தைகள் வேண்டாம் என்றார். பார்க்கிறவனுக்கு மனசு கஷ்டமாகிவிடுமாம். அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு அவர் கண் கிணற்றோரம் கட்டியிருந்த மாட்டின் மேல் விழுந்தது. ஊர் என்றால் மாடு இருக்கவேண்டும் என்று ஆர்ட் டைரக்டர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பிடித்து வந்து கட்டியிருந்தார்.

"மாட்ட எடுத்துடுங்க. மாடு செத்தா ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க."

மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அது போகிற வழியில் எங்கள் டிபன் இலைகளில் வாய் வைத்துவிட்டுப் போனது. நாங்கள் அங்கேயே நின்றோம். தேவசகாயம் அண்ணன் என் காதில், "நம்ம மேல யாருக்கும் மனசு கஷ்டப்படாதுன்னு கண்டுபிடிச்சிட்டாங்க பாரு" என்றார். முன்வரிசையே சிரித்துவிட்டது. டேக் கெட்டுப்போனது.

சிரிக்கச் சொல்லும் வழக்கம்

சினிமாவில் சாவுக் காட்சி எடுத்தால் ஒரு வழக்கம் உண்டு. ஷாட் முடிந்ததும் கேமராவை நிறுத்தமாட்டார்கள். செத்தவர் கண்ணைத் திறந்து, கேமராவைப் பார்த்து, நன்றாகச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பாடையில் படுத்தாலும் சரி, தூக்கில் தொங்கினாலும் சரி, சிரிக்காமல் வீட்டுக்கு விடமாட்டார்கள். நடித்த சாவு உடம்போடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரக்கூடாது என்பது நம்பிக்கை. அந்தத் துண்டு படத்தில் வராது. வெட்டி எறிந்துவிடுவார்கள். சாமி கும்பிடாத கேமராமேன்கள்கூட இதில் தவறமாட்டார்கள்.

எங்கள் ஊரிலும் குண்டு விழுந்தது. செத்தோம். சர்க்கரைப் பாகில் செய்த ரத்தம். ஈ மொய்த்தது. அசையக்கூடாது. டைரக்டர் கட் சொன்னதும் உதவி இயக்குநர் மைக்கில் கத்தினான்: "எல்லாரும் சிரிங்க. நல்லா சிரிங்க. வூட்ல புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்."

சிரித்தோம். அண்ணன் மனதாரச் சிரித்தார். எஸ்தர் அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. அந்த வீட்டுக்குச் சாவு ஒட்டிவரக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருப்பார்.

யாரோ அதைப் போனில் எடுத்திருக்கிறான். விளையாட்டாகத்தான் எடுத்திருப்பான். யாருக்கோ அனுப்ப, அவன் யாருக்கோ அனுப்ப, வழியில் எவனோ சத்தத்தை எடுத்துவிட்டு எழுத்தைப் போட்டுவிட்டான். சிரிக்கச் சொன்ன குரல் போய்விட்டது. சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

மேனேஜர் போட்ட சாப்பாடு

ஏரிக்குள் இறங்கிய இடத்தில் எங்கள் ஊர் இல்லை. கரிந்த பிளைவுட்டைக் குவித்துவைத்து, அதே இடத்தில் இன்னொரு ஊர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் அடுத்த வாரம் குண்டு.

புரொடக்‌ஷன் மேனேஜர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. வீடியோவும் தெரிந்தது. அவருக்கே எட்டுப் பத்துப் பேர் அனுப்பியிருக்கிறார்களாம். அவருடைய மாமனார்கூட அனுப்பியிருக்கிறார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் வரவேண்டாம், ஒரு உதவியாளரை அனுப்பினால் போதும், போனில் பேசினால்கூடப் போதும் என்றேன்.

அவர் இரண்டு போனையும் மடியில் வைத்தார்.

"பாலு, இந்தச் சூடு ஆறுறதுக்குள்ள படம் தியேட்டருக்குப் போவணும். ஊரே அந்த வீடியோவ நம்புது. அது பொய், அது எங்க ஷூட்டிங்குன்னு இன்னிக்கு நான் வாயத் தொறந்தா, நாளைக்கு எதிரிக்கு வக்காலத்து வாங்குற கம்பெனின்னு எங்க போஸ்டர கிழிப்பான்."

"ஒரு அபார்ட்மென்ட்டுக்கு மட்டும் சொன்னா போதும் சார்."

"அங்கயும் போன் இருக்கும்ல?"

 அவர் சொன்னது சரிதான். அவர் கோபப்படவில்லை. தேவசகாயத்தை நல்ல ஆள் என்றார். வருத்தமாக இருக்கிறது என்றார். பிறகு, சாப்பிட்டுவிட்டுப் போ, பிரியாணி மிச்சம் இருக்கிறது என்றார்.

சாப்பிட்டேன். கோபத்தையும் பசியையும் நான் கலப்பதில்லை. கலந்திருந்தால் இத்தனை வருஷம் தாங்கியிருக்க முடியாது. இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் அனுப்பியிருந்த அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். வேறு வேலை இல்லை. அதுவரை நான் அண்ணன் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். என்னைத் தேடவில்லை. தேடினாலும் முகம் கிடைக்காது. பிணமாகப் படுக்கச் சொன்னால் நான் எப்போதும் குப்புறத்தான் படுப்பேன். அப்போதுதான் ஒரு தூக்கம் போடலாம்.

மண்ணிவாக்கம் தாண்டும்போது அண்ணன் தலைக்கு இடது பக்கம் ஒரு கால் தெரிவதைப் பார்த்தேன்.

நாற்காலி மேல் கால்

கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அண்ணன் கேட்டோரம் நின்றுகொண்டிருந்தார். எஸ்தர் அக்கா இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஓரம் வைத்துவிட்டு, மடித்த துணிகளை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். காலி செய்யும்போது யாருடைய துணியும் தங்கிவிடக்கூடாது என்று.

நான் மட்டும் தனியாக வருவதைப் பார்த்ததும் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

மோகன் சார் கேட்டார், கம்பெனி ஆள் எங்கே என்று. வரமாட்டார்கள் என்றேன். ஏன் என்றார். அதையும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நீ யார் என்று கேட்டார் மூர்த்தி சார். குரூப்பில் வீடியோவைப் போட்டவர் அவர்தான். கூட நடித்தவன் என்றேன்.

"உன்ன வீடியோல காணமே?"

"இருக்கேன் சார். தாடிக்காரருக்கு எடது பக்கம் நிறுத்திப் பாருங்க. ஒரு கால் தெரியும். ரெண்டு விரல் இருக்காது."

செருப்பைக் கழற்றிவிட்டு, காலியாக இருந்த நாற்காலி மேல் என் இடது காலைத் தூக்கி வைத்தேன். மரியாதை இல்லைதான். வேறு வழி தெரியவில்லை. கால் கழுவவும் நேரமில்லை. படப்பை ஏரி மண் இன்னும் ஒட்டியிருந்தது.

எல்லோரும் போனை எடுத்தார்கள். விரலால் பெரிதாக்கினார்கள். ஒருவர் போனை என் காலுக்குப் பக்கத்திலேயே பிடித்தார். முதல் மாடி ரோஸலின் டீச்சர் ஓய்வு பெற்றவர். எழுந்து வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். காலைப் பார்த்தார், போனைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். பரீட்சைத் தாள் திருத்துவது போல இருந்தது.

"அதே கால்தான்," என்றார்.

"இப்பல்லாம் ஏஐ-ல எத வேணா பண்ணலாம் டீச்சர்," என்றார் மூர்த்தி சார்.

"இந்தக் கால எந்தக் கம்ப்யூட்டர் சார் யோசிக்கும்?"

சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். மோகன் சார் முகம் இளகியது. சரி, ஷூட்டிங்தான், நம்ம ஊர்தான் என்று எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். ஷூட்டிங்கில் யார் ஹீரோ என்று ஒருவர் விசாரித்தார். சிரிக்கச் சொல்லும் வழக்கத்தை நான் சொன்னதும் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என் காலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அப்போ எல்லைக்கு அந்தப் பக்கம் செத்ததா டிவில காட்டுனாங்களே," என்றார். "அவங்க நிஜமாவே செத்துட்டாங்களா?"

 யாரும் யாரையும் பார்க்கவில்லை. காலையில் அந்த வீடியோ இவர்களுக்கு என்ன கொடுத்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கேயும் யாரும் சாகவில்லை, எல்லாம் நாடகம் என்று அது சொல்லியிருந்தது. பாதிப் பேர் அதை நம்பியது கெட்ட எண்ணத்தில் இல்லை. நிம்மதிக்காகத்தான்.

"அது வேற மேட்டர் டீச்சர்," என்றார் மூர்த்தி சார். போனைப் பைக்குள் வைத்தார். குரூப்பில் அவர் எதையும் திருத்தவில்லை. இன்றுவரை அந்த வீடியோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

தாடி

மோகன் சார் தீர்ப்பைச் சொன்னார். தேவசகாயம் இருக்கலாம். வேளாங்கண்ணிப் பொய்யை மன்னித்துவிடலாம். ஆனால் தாடி வேண்டாம்.

"வீடியோ ஊரெல்லாம் சுத்துது. கொரியர்காரன், கெஸ்ட்டு, எவனாவது பாத்துட்டுக் கேப்பான். ஒவ்வொருத்தனுக்கும் இவரு கால நாங்க காட்டிக்கிட்டு இருக்க முடியுமா?"

 அண்ணன் கை தாடிக்குப் போனது. அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். தாடி போனால் நாகு கூப்பிடமாட்டான். தாடி இல்லாத தேவசகாயங்கள் தாம்பரத்தில் ஆயிரம் பேர்.

எஸ்தர் அக்கா துணி மூட்டையை வைத்துவிட்டு வந்தாள்.

"எடுத்துடு," என்றாள். "தாடி மறுபடி மொளைக்கும். ரூமு மொளைக்குமா?"

கேம்ப் ரோடு சலூனுக்கு நானும் கூடப் போனேன். சுவர் டிவியில் விமானங்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. கடைக்காரர் அண்ணனைப் பல வருஷமாகத் தெரிந்தவர். நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கத்தரியைப் போட்டார். தாடிக்குக் கீழே இருந்த தோல் வெளுத்து, ஈரம் பட்ட சுவர் போல இருந்தது. தாடை எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் கண்ணாடியைப் பார்க்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது யாரு வூட்டு ஆளு?"

"உன் வூட்டு ஆளுதான்."

"கல்யாணத்தன்னிக்குப் பாத்த மூஞ்சி. அன்னிக்கி இவ்ளோ பயந்துகினு இல்ல."

அவள் இஸ்திரிப் பெட்டியில் கரி அள்ளிப் போட ஆரம்பித்தாள். கட்டிய மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

அப்போதுதான் நாகு போன் செய்தான். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"தாடி, நாளைக்குக் காலைல வந்துடு. உன் க்ளோசப்பு ஒண்ணு பாக்கி கீது. டைரக்டரு உன் மூஞ்ச பாத்துட்டாரு. சாவுறதுக்கு முன்னாடி மேல நிமிந்து பாக்குறியே, அத மட்டும் தனியா எடுக்கணுங்கிறாரு."

எனக்குத் தெரிந்து அண்ணனுக்கு அதுவரை க்ளோசப் வந்ததே இல்லை. எத்தனையோ படம். எல்லாவற்றிலும் கூட்டம்தான்.

அண்ணன் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"தாடி எடுத்துட்டேன்பா."

நாகு சொன்னதை இங்கே எழுத முடியாது. முடிகிறவரை அண்ணன் பொறுமையாகக் கேட்டார். அக்கா சட்டைக் காலர் மேல் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தாள். அந்தக் காலரிலிருந்து அவள் பெட்டி நகரவே இல்லை. துணி காந்தும் வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள்.

கடைசியில் நாகு, பேஜாரா போச்சு, கூட அந்தக் கால் ஆளு இருந்தா குடு என்றான். போன் என் கைக்கு வந்தது.

"நீயாச்சும் வா. உனக்கு சாவுற வேல இல்ல. ஆட்டுற வேல."

எதை ஆட்டுவது என்று நான் கேட்கவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவர் மோவாயைத் தடவிக்கொண்டே, போ என்பது போலத் தலையசைத்தார்.

மூங்கில்

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் படப்பைக்குப் போனேன்.

ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே முழுக்க நீலத் துணி. நடுவில் விமானம் நின்றது. முழு விமானம் இல்லை. இறக்கை கிடையாது, வால் கிடையாது. மூக்கும் விமானி உட்காரும் குழியும் மட்டும். பிளைவுட்டில் செய்து வெள்ளி பெயின்ட் அடித்திருந்தார்கள். அடியில் காற்றடித்த லாரி டியூப்கள். நாலு மூலையிலும் நீள மூங்கிலை நெம்புகோல் போலக் கட்டியிருந்தார்கள். மூலைக்கு ஓர் ஆள். உதவி இயக்குநர் சொல்லச் சொல்ல, ஒரு பக்கம் அழுத்தினால் விமானம் சாயும். நாலு பக்கமும் உதறினால் மேகத்துக்குள் போகிறது என்று அர்த்தம்.

எனக்குப் பின் மூலை. மூங்கில் வழுவழுப்பாக இருந்தது. எனக்கு முன்னால் நிறையப் பேர் பிடித்திருக்க வேண்டும்.

ஹீரோ ஏணியில் ஏறி உட்கார்ந்தார். சின்னப் பையன் முகம். ஹெல்மெட் மாட்டினார்கள். ஒருவன் விளக்கின் முன்னால் அட்டையை ஆட்டினான். ஹீரோ முகத்தில் வெயிலும் நிழலும் ஓடின. எதிரில் மின்விசிறி சுற்றியது. நாங்கள் லேசாக ஆட்டினோம். அவர் பறந்தார்.

உதவி இயக்குநர் முன்பே சொல்லியிருந்தான். குண்டு விழுந்ததும் விமானத்துக்குக் கனம் குறைந்துவிடும், அதனால் மேலே ஒரு எம்பு எம்பும், நாலு பேரும் ஒன்றாக அழுத்தினால்தான் அது சரியாக வரும் என்று.

"சார், எடது பக்கம் கீழ பாருங்க," என்றான் மைக்கில். "எதிரி ஊரு வந்துடுச்சு."

ஹீரோ எட்டிக் கீழே பார்த்தார். அங்கே மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நின்றோம்.

"குண்டு போட்டாச்சு," என்றது மைக்.

நாலு பேரும் அழுத்தினோம். விமானம் அழகாக எம்பியது. ஒரே டேக்கில் ஓகே.